நிழலில் காய்ந்த நெல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெரும்போக வெள்ளாமை வெட்டத் தொடங்கியிருந்த மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, இறக்காமத்துக்கு உட்புறமாகப் போகும் வாய்க்கால் வீதி ஒன்றில் இது நடந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் நான் செய்யப் பார்த்த காரியத்தை என் மனைவியைத் தவிர வேறு யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் கல்முனைப் பக்கத்தைச் சேர்ந்தவன். இருபத்திரண்டு வருடங்களாக லோபெட் ஓட்டுகிறேன். லோபெட் என்றால் தரையோடு ஒட்டினாற்போல் தாழ்ந்த தட்டுள்ள நீண்ட லொறி. மற்ற லொறிகளில் ஏறாத சாமான்கள்தான் எனக்கு வரும். மண் வெட்டும் மெசின், பாலத்துக்குப் போகும் இரும்பு, ஒரு வீட்டளவு தண்ணீர்த் தாங்கி என்று எல்லாம் ஏற்றியிருக்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்: என்னை நம்பி ஏற்றிய எந்தச் சாமானையும் நான் பாதி வழியில் இறக்கியதில்லை. வாசலில் விடச் சொன்னால் வாசலில்தான் விடுவேன். ஒரு தடவை ஒரு மனிசன் தன் வீட்டு மதிலை இடித்து வழி விட வேண்டியதாயிற்று. அதற்கும் அவர் எனக்கு நன்றி சொல்லித்தான் அனுப்பினார்.

எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம் ஓடினால் ஒலுவிலில் ஒரு துறைமுகம் இருக்கிறது. ஆனால் அங்கே இறங்குவது மீன்தான். கப்பலில் வரும் மெசின் வேண்டுமென்றால் அம்பாந்தோட்டைக்குத்தான் போக வேண்டும். அந்த முறை நான் போனது ஒரு வெட்டு மெசின் எடுப்பதற்கு. நெல்லை வெட்டி, அடித்து, தூற்றி, மணியை மட்டும் ஒரு பக்கமாகக் கொட்டும் பெரிய மெசின். எங்கள் வயல்களில் சாதாரணமாக ஓடுகிற சங்கிலிக்கால் மெசினைப் போல இரண்டு மடங்கு இருக்கும். வெளிநாட்டில் ஓடிய பழைய மெசின்தான், ஆனால் யானைக் குட்டி மாதிரி உறுதியாக நின்றது.

அதை வாங்கியவர் இறக்காமத்து விவசாயி ஒருவர். ஐம்பது வயதிருக்கும். கடற்கரைப் பக்கம் இருந்த தென்னங்காணியை விற்றுத்தான் மெசினை எடுப்பித்திருந்தார். அவருடைய வயல் இருக்கும் கண்டம், அதாவது அந்த வயல்வெளி, வாய்க்காலின் கடைசியில், காட்டோரமாக இருக்கிறது. ஒவ்வொரு போகத்திலும் வெளியூர் மெசின்கள் முன்பக்கத்து வயல்களை எல்லாம் வெட்டி முடித்த பிறகுதான் அங்கே வரும். அதற்கிடையில் மழை வந்து கதிரைப் படுக்க வைத்துவிடும். மழை தப்பினால் யானை வரும். “எங்கட கண்டத்துக்கு மெசின் வாறத்துக்குள்ள யானை வெட்டி முடிச்சிப்போடும் தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டு போகம் அப்படிப் போனவர் அப்படிச் சிரிக்கிறாரே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தப் போகமும் கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. வியாழக்கிழமை இரவிலிருந்து மழை என்று வானிலை அறிவிப்பில் சொல்லியிருந்தார்கள். புதன் பொழுது படுவதற்குள் மெசின் வயலுக்குப் போய்ச் சேர்ந்தால் வியாழன் விடியலிலிருந்து வெட்டலாம். சேராவிட்டால் மூன்றாவது போகமும் தண்ணீருக்குள்தான். இதைவிட அவர் எனக்குச் சொல்ல வேண்டிய விசயம் எதுவும் இருக்கவில்லை. “கவலப்படாதீங்க, உங்கட வயல் வரம்புல கொண்டு வந்து நிப்பாட்டிப்போட்டுத்தான் நான் தேத்தண்ணி குடிப்பன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

பெரிய சாமான் ஏற்றி ஓடும்போது எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் சிவப்புக் கொடி கட்டிக்கொண்டு ஒருவர் போவார். ஆலையடிவேம்பைச் சேர்ந்தவர், என் வயதுதான். பதினான்கு வருடங்களாக ஒன்றாக ஓடுகிறோம். நான் நூறு வார்த்தை கதைத்தால் அவர் ஒரு வார்த்தை கதைப்பார். அந்த ஒன்றும் பெரும்பாலும் சரியாக இருக்கும் என்பதுதான் எனக்கு அவர் மேல் உள்ள குறை.

துறைமுகத்து முற்றத்தில் மெசினை ஏற்றியதும் அவர் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். மெசினின் முன்னால், நெல்லை வெட்டி உள்ளே இழுக்கும் அகலமான பகுதி இருக்கிறது. கட்டர் என்போம். அதுதான் பதினான்கு அடி. லொறியின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றித் தட்டில் நீளவாக்கில் போட்டால் சாமான் ஒடுங்கிவிடும்.

“கழட்டிப் போடுவம் மச்சான்” என்றார்.

கழற்ற அரை நாள், போய்ப் பூட்ட இன்னொரு அரை நாள் என்று நான் கணக்குச் சொன்னேன். அகலத்துக்கு அனுமதிக் கடதாசியும் கையில் இருந்தது. “நான் ஓட்டுறன், நீ கொடியப் பிடி” என்றேன். அவர் கொடியைப் பிடித்தார்.

புதன்கிழமை விடியலில் சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். உண்மையைச் சொன்னால் அன்று நான் ஓட்டிய ஓட்டம் என் வாழ்க்கையிலேயே நல்ல ஓட்டம். வெல்லவாயச் சந்தியில் பஸ்காரர்கள் வழக்கம்போல் முறைத்தார்கள், பிறகு கட்டரைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கினார்கள். மொணராகலையில் ஒரு கடையின் பெயர்ப் பலகைக்கும் ஒரு மின்கம்பத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் நாலு விரல் இடைவெளியில் புகுந்து வந்தேன். கடைக்காரர் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வாயைத் திறந்தபடி நின்றார். சியம்பலாண்டுவ தாண்டி அம்பாறை வரை காடும் வளைவும். எங்கேயும் ஒரு கீறல் இல்லை. இரண்டு மணிக்கு அம்பாறையைக் கடந்தபோது, நானே என் முதுகில் தட்டிக்கொடுக்க முடியாதா என்று இருந்தது.

வாங்கியவர் இதற்கிடையில் ஐந்து தடவை தொலைபேசியில் எடுத்துவிட்டார். ஆறாவது தடவை எடுத்தபோது, முந்திய நாள் யானை வந்து வயலின் ஒரு மூலையைத் துவைத்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். கிழக்கே மேகம் கறுக்கிறது என்றார். அவருடைய குரலில் சிரிப்பு இல்லை. இன்னும் ஒரு மணி நேரம் என்றேன். நான் சொன்னது சரியாகத்தான் இருந்திருக்கும், அந்த வீதி மட்டும் இல்லாவிட்டால்.

அந்த வீதியின் இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் தாழ்வாக வயல். நடுவே பதினாறு அடித் தார். அறுவடைக் காலத்தில் எங்கள் பகுதி வீதிகளை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீதியில் பாதி வாகனத்துக்கு, பாதி நெல்லுக்கு. தார்ச் சூட்டில் நெல் சீக்கிரம் காயும். அதனால் எல்லோரும் ஒரு பக்கமாகப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டு நெல்லும் வீதியில்தான் காய்ந்தது. ஒரு தடவை ஒரு வான்காரன் அதன் ஓரத்தில் ஏற்றிவிட்டான் என்று வாப்பா அவனை மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊர் வரை துரத்திக்கொண்டு போய்ச் சண்டை பிடித்தார். நானும் பின்னால் ஏறிப் போயிருந்தேன். அந்தச் சண்டையில் நானும் நாலு வார்த்தை ஏசினேன் என்பதை இப்போது சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

அன்று அந்த வீதியில் யாரும் நெல் போட்டிருக்கவில்லை, ஓரிடத்தைத் தவிர. வலது பக்கம் வயலோரமாக ஒரு பெரிய மருதமரம் தார் வரை வந்து நின்றது. அதன் நிழலில், வீதியின் இடது பாதியில் மட்டும், ஒரு இருபதடி நீளத்துக்கு நெல் பரப்பிக் கிடந்தது. நான் லொறியை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். வெயில் முன்னாலும் பின்னாலும் வீதி முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு, காலையிலிருந்து மாலை வரை வெயில் எட்டிப் பார்க்காத நிழலில் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். நெல்லுக்கு எதிரே, மரத்தைத் தாண்டி வலது பக்கம், மேட்டில் ஒரு வீடு இருந்தது. படி இறங்கினால் நெல், அவ்வளவு பக்கம். சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று நினைத்தேன்.

என் கஷ்டம் இதுதான். வலது பாதியில் போனால் கட்டர் மருதமரத்தில் இடிக்கும். கட்டர் தப்ப வேண்டுமென்றால் லொறியின் இடது சக்கரங்கள் நெல்லின் மேல் ஏற வேண்டும். வேறு வழி இல்லை. நான் ஹோர்ன் அடித்தேன். வீட்டில் அசைவில்லை. இன்னும் இரண்டு தடவை நீளமாக அடித்தேன். கொடிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வேலிக்கருகே போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. திரும்பி வந்து நெல்லைக் குனிந்து பார்த்தார்.

“நல்ல நெல்லு மச்சான். போட்ட ஆக்கள் வரட்டும். நம்ம அள்ளி ஓரமா வெப்பம்.”

அள்ளுவதற்கு எங்களிடம் சாக்கும் இல்லை, கூட்டித் தள்ளத் தும்புத்தடியும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஏழாவது அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. கிழக்கே மேகம் உண்மையாகவே கறுத்திருந்தது. இருபத்திரண்டு வருட ஓட்டத்தில் யாரோ ஒரு சோம்பேறியின் ஒரு மூடை நெல்லுக்காகவா நான் வாக்குத் தவறப் போகிறேன் என்று கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் வேலை செய்வது கால்தான், மூளை பிறகுதான். கியரைப் போட்டேன்.

“மச்சான், நெல்லு மேல ஏத்தாத” என்றார் கொடிக்காரர். அந்தப் பயணத்தில் அவர் என்னோடு கதைத்தது அது மூன்றாவது தடவை. நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

முன் இடது சக்கரம் நெல்லில் ஏறியது. அந்தச் சத்தம் கண்ணாடி ஏற்றியிருந்தும் கேட்டது. நொறு நொறு என்று, சின்னச் சத்தம்தான். நெல்லை மிதித்தால் எடுத்து முத்தமிட்டுவிட்டுப் போகிற வீட்டில் வளர்ந்தவன் நான். அப்படியும் காலை எடுக்கவில்லை. ஒரு மூன்றடி போயிருப்பேன்.

வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் ஓடி வந்தாள். தொழுகைக்குப் போடும் வெள்ளை உடுப்போடு, காலில் செருப்பும் இல்லாமல் வந்தாள். நான் நினைத்ததுபோல் அவள் கையை வீசிக் கத்தவில்லை. நேராகச் சக்கரத்துக்கு முன்னால் வந்து நெல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பிரேக்கை அடித்தேன். பயந்ததை மறைக்க வேண்டுமென்றால் ஆம்பிளைகளுக்கு ஒரு வழிதானே தெரியும். கண்ணாடியை இறக்கி ஏசத் தொடங்கினேன். உங்களுக்கு உயிர் பெரிதில்லையா, இந்த ஒரு மூடை நெல் பெரிதா, வீதி உங்கள் வாப்பாவுடையதா, நிழலில் நெல் காயப்போடுகிற அறிவை எங்கே படித்தீர்கள் என்று வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். அவள் என்னைவிட ஏழெட்டு வயது இளையவளாக இருப்பாள். மூச்சு வாங்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

“ஏசி முடிஞ்சா இறங்கி வாங்க காக்கா” என்றாள், சொந்த அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. “இடப்பக்கத்தால இறங்காதீங்க. வலப்பக்கத்தால இறங்கி, சுத்தி வந்து வாய்க்காலுக்குள்ள பாருங்க.”

அந்தச் சொல்லில் இருந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் இறங்கினேன். கொடிக்காரர் எனக்கு முன்பே வாய்க்கால் கரையில் இறங்கி நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்ததும் நானும் அவசரமாகக் கரையில் இறங்கினேன்.

வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் போவதற்காக அந்த இடத்தில் வீதிக்குக் கீழே ஒரு பழைய மதகு இருந்தது. அதன் சுவர் இடது பக்கமாக உடைந்து, தண்ணீர் உள்ளே இருந்த மண்ணை எல்லாம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஒரு ஆள் குந்தியிருக்கலாம், அவ்வளவு பெரிய வெறும் குகை. மேலே தார் மட்டும், உறிஞ்சிக் குடித்துவிட்டு வைத்த முட்டை ஓடு மாதிரி நின்றது. வீதியில் நின்று பார்த்தால் ஒரு வெடிப்பும் தெரியாது. அந்த ஓட்டின் மேல்தான் என் முன் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. பின்னால் மெசினோடு முப்பது தொன்னுக்கு மேல் வரக் காத்திருந்தது. இன்னும் ஆறடி போயிருந்தால் லொறி இடது பக்கம் சாய்ந்து வாய்க்காலுக்குள் புரண்டிருக்கும். அந்தத் தென்னங்காணியும், அந்த வெள்ளாமையும், நானும் எல்லாம் சேர்த்து.

“பின்னால எடுக்கணும் காக்கா” என்றாள் அவள். “நான் கீழ நிண்டு தாரப் பார்க்கன். சொன்னா உடன நில்லுங்க.”

கொடிக்காரர் வலது பக்கம், அவள் வாய்க்காலுக்குள் முழங்கால் தண்ணீரில் ஒதுங்கி நின்றார்கள். நான் ஏறி உட்கார்ந்து பிஸ்மில்லாஹ் சொன்னேன். சற்று முன் நெல்லின் மேல் ஏற்றியபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த மூன்றடியைப் பின்னால் எடுக்க எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. நாலு விரல் இடைவெளியில் புகுந்து வந்த நான் இப்போது விரல் விரலாக நகர்த்தினேன். ஒரு தடவை “நில்லுங்க” என்றாள். தார்த் துண்டொன்று தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, “ம், வாங்க” என்றாள். சக்கரம் நெல்லை விட்டு இறங்கிய உடனே, அது நின்ற இடத்தில் தார் ஒரு சாண் தாழ்ந்தது. நெல் சரசரவென்று அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி வாய்க்காலில் விழுந்து மிதந்தது.

நான் இறங்கி வீதியோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு நான்தான் கேட்டேன், அதுவும் ஒரு குற்றவாளிக்குரிய குரலில் இல்லை, இன்னும் கொஞ்சம் வீறாப்போடு. இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கிறதென்றால் ஒரு கல்லாவது வைக்கக்கூடாதா தங்கச்சி என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். “கல்லு வெச்சன் காக்கா, தூக்கி எறிஞ்சிபோட்டுப் போனாங்க. குழை ஒடிச்சுப் போட்டன், அதுக்கு மேலால ஏறிப் போனாங்க. போர்டு எழுதி வெச்சன், மழை அழிச்சிப்போட்டு. பதரு கொட்டிப் பார்த்தன், காத்து கொண்டு போயிட்டு. மறுகாதான் யோசிச்சன். நெல்லு மேல இந்தப் பக்கத்துல ஆரும் ஏத்த மாட்டாங்க. தமிழ் ஆக்களும் ஏத்த மாட்டாங்க, சிங்கள ஆக்களும் ஏத்த மாட்டாங்க, நம்மட ஆக்களும் ஏத்த மாட்டாங்க.”

அவளுடைய மகன் மோட்டார் சைக்கிளோடு அதே ஓரத்தில் வாய்க்காலில் விழுந்து கால் முறிந்து கிடந்தானாம். சொல்ல வேண்டிய இடங்களில் சொல்லியாயிற்று, வந்து பார்த்துவிட்டும் போனார்கள், வேலை தொடங்கும்வரை என்ன செய்வது? அதனால் அடுத்த போகத்துக்கு வைத்திருந்த விதைநெல்லில் ஒரு மூடையை ஒவ்வொரு காலையும் வீட்டிலிருந்து சுமந்து வந்து அந்த இடத்தில் பரப்புவாள். பொழுது படும்போது கூட்டி அள்ளிக்கொண்டு போய், இரவுக்கு அங்கே ஒரு விளக்கைத் தொங்கவிடுவாள். பதினெட்டு நாட்களாக இதைச் செய்திருக்கிறாள். பதினெட்டு நாளும் பஸ், டிராக்டர், மோட்டார் சைக்கிள் என்று எத்தனையோ போயிருக்கின்றன. எல்லோரும் விலத்தித்தான் போனார்கள்.

முதலாவதாக ஏற்றியவன் நான். நெல் காயப்போடும் வீட்டில் பிறந்து, நெல்லில் ஏற்றியவனைத் துரத்திப்போய் ஏசியவனும் நான்தான். நிழலில் நெல் காயாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைக் கொண்டு, இது காயப்போட்டது இல்லை என்று விளங்கியிருக்க வேண்டும். நான் அதைக் கொண்டு சிரித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஹோர்ன் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். அஸர் தொழுதுகொண்டிருந்தாளாம். முதல் மூன்று ஹோர்னுக்கும் கவனத்தை விடாமல் தொழுதாளாம். பிறகு இஞ்சின் உறுமி நகரும் சத்தம் கேட்டதும் தொழுகையை இடையில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். தொழுகையை இடையில் விடுவது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு, என்னால்தானே என்றேன்.

“தொழுகையத் திரும்பத் தொழலாம் காக்கா” என்றாள். “உங்களத் திரும்ப எங்க போய் எடுக்கிற?”

  

அவள் தொழப் போனாள். நான் தொலைபேசியை எடுத்து, மெசினை வாங்கியவருக்கு என் வாழ்க்கையில் நான் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். பாதி வழியில் இறக்கப் போகிறேன், டிராக்டரையும் இழுவைப் பெட்டியையும் கொண்டு வாருங்கள் என்றேன். அவர் காரணம்கூடக் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் நாலு பேரோடு வந்து நின்றார். மெசினைத் தட்டிலிருந்து இறக்கினோம். டிராக்டர்ப் பெட்டியைக் கட்டருக்குக் கீழே பின்னாலாக விட்டு, கட்டரை அதன் மேல் பதித்து, பூட்டுகளைக் கழற்றி, நீளவாக்கில் திருப்பிக் கட்டினோம். அரை நாள் வேலை என்று நான் துறைமுகத்தில் கணக்குச் சொன்னேனே, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கொடிக்காரர் ஸ்பானரைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனிசனின் இந்தக் குணத்தைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

கட்டர் இல்லாத மெசின் ஒடுக்கமாக, பாரமில்லாமல், தன் சொந்தச் சக்கரத்தில், வலது பாதியில், மருதமரத்தை உரசாமல் போனது. நான்தான் ஓட்டினேன். அதற்கு முன்னால் வீதி நடுவே அவள் பின்னோக்கி நடந்து கை காட்டிக்கொண்டு போனாள். பொழுது படக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மெசின் வயல் வரம்பில் நின்றது. வாங்கியவர் ஏணியில் ஏறி அதன் பக்கத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் அழுததை நானும் கொடிக்காரரும் பார்க்காத மாதிரி இருந்தோம். வாக்குப்படி தேத்தண்ணியும் குடித்தேன்.

வியாழக்கிழமை விடியலில் கட்டரைப் பூட்டி வெட்டத் தொடங்கினார்கள். நான் ஊருக்குப் போகாமல் நின்றுவிட்டேன். மழை அறிவிப்பில் சொன்ன நேரத்துக்கே வந்தது. ஆனால் அது வரும்போது அவருடைய வயல் முழுதும் பக்கத்து வயல் பாதியும் மூடைக்குள் இருந்தன. முதல் வெட்டில் வந்த நெல்லில் ஒரு மூடையை அவரிடம் நானே கேட்டு வாங்கினேன். யாருக்கு என்று சொன்னதும் அவர் இரண்டாகத் தந்தார்.

மழை வருவதற்கு முன்பே, அன்று மத்தியானம், அதைக் கொண்டுபோய் அந்த மருதமரத்தடியில் இறக்கினேன். தார் தாழ்ந்த இடத்தைச் சுற்றி என் லொறியில் இருந்த நாலு சிவப்புக் கொடிகளையும் நட்டேன். நடுவில் நெல்லைக் கொட்டிக் கையாலேயே பரப்பினேன். அவள் வேலிக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலோடு அவளுடைய மகனும் நின்றான்.

“வெயிலுக்குப் போடாம நிழலுக்குப் போடுறீங்களே காக்கா, நெல்லுக் காயவெக்கத் தெரியாதா” என்றாள்.

நான் ஏசியதெல்லாம் அவளுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருந்திருக்கிறது. கொடிக்காரர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மதகை உடைத்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். நல்ல உறுதியான வேலை. என் லோபெட்டோடு நானே பல தடவை அதன் மேல் போயிருக்கிறேன். இப்போதும் நான் நல்ல டிரைவர்தான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் வீதியில் கல்லோ குழையோ கயிறோ எது குறுக்கே கிடந்தாலும், அதைப் போட்ட ஆளைத் தேடி ஏன் போட்டாய் என்று கேட்காமல் நகர்வதில்லை. சிலவேளை விளையாட்டுக்குப் போட்ட பிள்ளைகள்தான் அகப்படும். பரவாயில்லை என்று சிரித்துவிட்டுப் போவேன். அந்த மருதமரத்து நிழல் வரும்போது மட்டும், கீழே நெல் இல்லை என்று தெரிந்தும், என் கால் தானாகவே மிதியை விட்டு எழும்பிவிடுகிறது. தொழுகையைப் பாதியில் விட்டுவிட்டு ஒருத்தி எனக்காக ஓடி வந்த இடம் அது. அங்கே வேகமாகப் போக எனக்கு உரிமை இல்லை.